நாரையைப் பார்த்தால் வயிறு நிறையுமா?

ஆழ்வார்திருநகரிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் ஒரு புளியமரத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கோயிலுக்குள்ளே நிற்கிறது அந்த மரம். உறங்காப்புளி என்று பெயர். நம்மாழ்வார் அந்த மரத்தடியில்தான் இருந்தார் என்று வைணவர்கள் போற்றுகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றிப் பேச நாம் வரவில்லை. ஒரு மரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கோடரி படாமல் காப்பாற்ற இந்த ஊர் ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லவே வந்தோம்.

அதே ஊரிலிருந்து கிழக்கே போனால், தென்திருப்பேரையை ஒட்டிக் கடம்பாகுளம் கிடக்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்கால் வாய்க்காலில் தண்ணீர் பெறுகிற குளங்களில் பெரியது அதுதான். இன்னும் கிழக்கே போனால் புன்னைக்காயல். பொதிகையில் பிறந்த தாமிரவருணி, வேறு ராஜ்யத்தில் கால் வைக்காமல், அங்கேதான் கடலில் விழுகிறது. ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் அலையாத்திக் காடு நிற்கிறது. அதற்கும் அப்பால் மன்னார் வளைகுடாவும் அதன் தீவுகளும். குளமும் ஆறும் கழியும் கடலும் இவ்வளவு அருகில் அமைந்த ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்? அதிலும், நம் விவசாயத் தொழிலாளர்களின் பிள்ளைகளில் எத்தனை பேர்?

இந்தக் கேள்வி நமக்குத் தானாக வந்து விடவில்லை. பக்கத்துக் கிராமத்துச் சர்க்கார் பள்ளி ஆசிரியர் ஒருவர்தான் இதை நம் தலையில் ஏற்றினார். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போக வேண்டும், கடம்பாகுளத்தையும் புன்னைக்காயலையும் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெற்றோர் பலர் சங்கத்து ஆட்கள் என்பதால், “நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அனுப்புவார்கள்” என்று நம்மிடம் வந்தார். சரி என்று அவரோடு தெருவுக்குப் போனோம்.

போன இடத்தில் ஒரு தோழர் கேட்டார்:

“அண்ணாச்சி, நாரையப் பாத்தா வயிறு நெறஞ்சிருமா? நான் விடிய எறங்குனா பொழுதடைய அந்தச் சகதியிலதான் கெடக்கேன். எம் பிள்ளையும் அங்கதான் வரணுமா? நாலு எழுத்துப் படிச்சு சகதிய விட்டு வெளிய போவட்டும்னுதான பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதேன்?”

பக்கத்து வீட்டு அம்மா இன்னும் ஒரு படி மேலே போனார். “கொக்கு பாக்க வேன் வச்சுப் போவணுமாக்கும்? நடுவைக்குப் போனா முதுவுக்குப் பின்னால நூறு நிக்குதே!” என்றார். தெருவே சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று நம்மிடம் பதில் இல்லை. உள்ளதைச் சொன்னால் நாமும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தோம். பறவை பார்ப்பது, காடு பார்ப்பது, இதெல்லாம் கழுத்தில் தூரக்கண்ணாடி மாட்டிக் கொண்டு காரில் வந்து இறங்குகிற கனவான்களின் பொழுதுபோக்கு. கூலிப் போராட்டத்துக்கும் நிலப் பிரச்னைக்கும் நடுவில் இதற்கு நேரமேது என்பதுதான் நம் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

தோழரின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பணம் கட்டிப் படிக்கிற பள்ளிகளின் பிள்ளைகள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும், தண்ணீர்ச் சறுக்கு விளையாட்டுப் பூங்காக்களுக்கும் போய் வருகிறார்கள். அந்தப் பட்டியல் சர்க்கார் பள்ளிக்கும் வருகிறது. ஆனால் பணம் கட்ட முடிந்தவன் போகிறான், முடியாதவன் அன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் கிடக்கிறான். மறுநாள் வகுப்பில் போனவன் கதை சொல்ல, போகாதவன் கேட்டுக் கொண்டிருக்க வேண்டும். இதை அனுபவித்தவர்களுக்குத்தான் இதன் வலி தெரியும். “பக்கத்திலே இருக்கிறதைக் காட்டினால் போதும், ஏழைப் பிள்ளைகளுக்கு அதுவே அதிகம்” என்று யாராவது சொன்னால் அதை நாம் ஏற்க முடியாது. நம் பிள்ளைகள் ஊட்டியும் பார்க்க வேண்டும், டில்லியும் பார்க்க வேண்டும். அது வேறு பிரச்னை.

ஆசிரியர் சொன்னது வேறு. “ஊட்டியைப் பார்த்தால் வேடிக்கை பார்த்தவனாக வருவான். கடம்பாகுளத்தைப் பார்த்தால் தன் சொத்தைப் பார்த்தவனாக வருவான்” என்றார். அவர் பேச்சு கொஞ்சம் புத்தக வாடை அடிக்கும். ஆனாலும் இதை நாம் மறக்கவில்லை.

கடைசிப் பெஞ்சுக்காரன்

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வேன் புறப்பட்டது. நாமும் கூடப் போனோம். பிசானப் பயிர் பச்சை பிடித்து நிற்கிற காலம். குளத்தில் நல்ல தண்ணீர்.

ஆசிரியர் கையில் படம் போட்ட புத்தகம் ஒன்று இருந்தது. பறவைகளின் பேரெல்லாம் இங்கிலீஷில். அவர் ஒவ்வொரு பேராகத் திக்கித் திக்கிப் படிக்கிறார். பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். அப்போது ஒரு பையன், வகுப்பில் வாயே திறக்காதவன் என்று பிறகு தெரிந்தது, கையை நீட்டிச் சொல்ல ஆரம்பித்தான். அதோ நத்தைகுத்தி நாரை. அலகு நடுவில் இடைவெளி இருக்கும், நத்தையைப் பிடித்துத் தின்னும். இது நீர்க்காகம், முங்கி மீன் பிடித்துவிட்டு இறக்கையை விரித்துக் காயப்போடும். அது நாமக்கோழி, நெற்றியில் நாமம் போட்டிருக்கும். கூழைக்கடா இரண்டு மூன்று சேர்ந்து மீனை ஒரு மூலைக்கு ஓட்டி வந்து அள்ளும். எந்த மடைப் பக்கம் எந்த மீன் கிடைக்கும், மறுகால் பாயும்போது எந்த மீன் ஏறும் என்பது வரை சொன்னான். ஆசிரியர் புத்தகத்தை மூடிவிட்டு நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.

அவன் தகப்பனார் குளத்துப் பாசனத்தில் நீர்பாய்ச்சி. இவன் அவரோடு திரிந்து கற்றது இவ்வளவும். பள்ளிக்கூடம் இதற்கு ஒரு மார்க்கும் கொடுத்ததில்லை. இப்படி ஒரு கல்வி அவனிடம் இருப்பதே பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது. தோழர்களே, நம் பிள்ளைகளைப் பார்த்து ‘மக்கு’ என்று சொல்லுகிற உலகம் இது. அந்த ஒரு நாள் அவன் வாத்தியாருக்கு வாத்தியாராக நின்றான்.

அவன் அறியாததையும் ஆசிரியர் சொன்னார். கரையோரச் சேற்றில் ஓடி ஓடிக் கொத்துகிற உள்ளான்களும், நடுத்தண்ணீரில் மிதக்கிற கிளுவைகளும் இமயத்துக்கு அப்பால் ஆசியாவின் வடக்கிலிருந்து வருகின்றன. அங்கே பனி மூடும்போது இங்கே வரும், கோடை பிறந்தால் திரும்பிப் போகும். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு வருகிற வரித்தலை வாத்து இமயமலையின் மேலேயே பறந்து கடந்து வருகிறது. பாஸ்போர்ட் கேட்கிறவன் இல்லை. ஆனால் வருகிற வழியில் தங்குகிற குளங்களில் ஒன்றைத் தூர்த்துவிட்டாலும் கூட்டம் சிதறிப் போகும். இதற்காகத்தான் 1971 பிப்ரவரி 2-ந் தேதி ஈரான் நாட்டு ராம்சர் நகரில் பல தேசங்கள் கூடி, நீர்நிலைகளைக் காக்க ஓர் ஒப்பந்தம் செய்தன. இந்தியா 1982-ல் அதில் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் இந்திய ராஜ்யங்களிலேயே அதிக இடங்கள் தமிழ்நாட்டில்தான். கூந்தன்குளமும் மன்னார் வளைகுடாவும் அதில் உண்டு.

இனி, தோழரின் கேள்விக்கு வருவோம். நாரையைப் பார்த்தால் வயிறு நிறையுமா?

பார்த்தால் நிறையாது. இருந்தால் நிறையும். செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் என்ற ஊர். அங்கே ஏரிக்குள் நிற்கிற மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டும். பறவை எச்சம் ஏரித் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும். உரம் வாங்காமலே பயிர் செழிக்கும். இதை அந்த ஊர்க் குடியானவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். கம்பெனிச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டபோது எதிர்த்தார்கள். கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். வெள்ளைக்காரன் சட்டம் போட்டு அங்கே சரணாலயம் அமைத்தது 1936-ல்தான். அதற்கு 138 வருஷத்துக்கு முன்பே ஏர் பிடித்தவன் காவல் காத்துவிட்டான்! கூந்தன்குளத்திலும் அதே கதைதான். ஊருக்குள்ளே வீட்டு மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிறார்கள். பறவை மிரளும் என்று வெடி போடுவதில்லை. 1994-ல் சர்க்கார் சரணாலயம் என்று அறிவித்தது. அறிவிக்கும் முன்பே அது சரணாலயம்.

நத்தைகுத்தி வயலில் இறங்கினால் நத்தை குறையும். உண்ணிக்கொக்கு மாட்டின் பின்னால் நடந்தால் பூச்சி குறையும். இதெல்லாம் நடவுக்குப் போகிற அந்த அம்மாவுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஆட்களிலேயே சிலர் இரவில் சுருக்கு வைத்துப் பறவை பிடித்து விற்கிறார்கள். வேலை இல்லாத மாதத்தில் அது இரண்டு வேளைச் சோறு. 1972-ம் வருஷத்துச் சட்டப்படி அது குற்றம். பிடிபட்டால் ஜெயிலுக்குப் போகிறவன் அவன்தான். வாங்கித் தின்ற பெரிய மனிதர் போவதில்லை. அந்த மாதங்களில் வேலைக்கு வழி செய்யாமல் சட்டத்தை மட்டும் காட்டுவது நடக்கிற காரியமா?

கழிமுகத்தில்

மத்தியானம் புன்னைக்காயல். பிள்ளைகளில் பாதிப் பேர் ஆறு கடலில் விழுவதை அன்றுதான் பார்த்தார்கள். தண்ணீர் எந்த இடத்தில் உப்பாகிறது என்று கையில் அள்ளி வாயில் விட்டுப் பார்த்துக் கொண்டே போனார்கள். அலையாத்தி இலையை நக்கிப் பார்க்கச் சொன்னார் ஆசிரியர். கரித்தது. வேர் வழியாக உள்ளே வந்த உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. சேற்றுக்குள் மூச்சு விட முடியாது என்பதால் வேரை ஈட்டி மாதிரி மேலே நீட்டிக் காற்று வாங்குகிறது. இறாலும் நண்டும் பல ஜாதி மீன்களும் குஞ்சுப் பருவத்தை இந்த வேர்களுக்கு நடுவில்தான் கழிக்கின்றன. இந்தக் காட்டை அழித்தால் வலையில் விழுகிற மீன் குறையும். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது, பிச்சாவரம் பகுதியில் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களுக்குச் சேதம் குறைவு என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வழியில் கொற்கையில் வேனை நிறுத்தினோம். பாண்டியர் துறைமுகம், முத்துக்குப் பேர் போன இடம். இன்று கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆறு கொண்டு வந்து கொட்டிய மண் கடலைத் தள்ளிவிட்டது. கொற்கை தூர்ந்ததும் காயல் எழுந்தது, காயலும் தூர்ந்தது, பிறகு தூத்துக்குடி. ஓர் ஆறு எப்படித் துறைமுகங்களை எழுப்பிக் கவிழ்க்கும் என்பதை வகுப்பறையில் பத்து நாள் சொன்னாலும் விளங்காது. அங்கே வயல் நடுவில் நின்று, “இது கடலாக இருந்தது” என்று சொன்னால் உடனே விளங்குகிறது.

“முத்து யாருக்கு சார் கிடைச்சுது?” என்று ஒரு பெண் கேட்டாள்.

நல்ல கேள்வி. சுமார் 2,000 வருஷத்துக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதி வைத்த கடற்பயணக் குறிப்பில், கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளை விட்டு முத்துக் குளித்ததாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவை மந்திரித்துக் கட்டுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்கே கொடுக்கிறார். பிறகு போர்த்துக்கீசியர், 1658-ல் டச்சுக்காரர், அதன் பின் ஆங்கிலேயர். ஆங்கிலேயர் நடத்திய சலாபங்களில் அள்ளி வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. காலில் கல்லைக் கட்டி மூச்சைப் பிடித்து முங்கியவனுக்கு ஒரு பங்கு. கொடி மாறிற்று, முங்குகிறவன் மட்டும் மாறவில்லை. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் சலாபமே நடக்கவில்லை. பார்களில் சிப்பி இல்லை. 1973-ல் தூத்துக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் கடலடியில் தானாக விளைந்தது போனது போனதுதான்.

முத்துக்கு நேர்ந்ததுதான் பவளத்துக்கும். மில் தொழிலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தூத்துக்குடியில் வெள்ளைக்கார முதலாளி நடத்திய நூல் ஆலைக்குப் பெயரே கோரல் மில், அதாவது பவள ஆலை. 1908 பிப்ரவரி 27-ந் தேதி அந்த ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். கூலி உயர்வோடு வார விடுமுறையும் அவர்கள் கேட்டார்கள். நிர்வாகம் சில நாட்களிலேயே இறங்கி வந்தது. நாம் வேன் ஏறிய ஞாயிற்றுக்கிழமையை நமக்கு யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. அப்படி ஒரு நாள் கையில் இருந்தால்தானே தகப்பன் பிள்ளையை அழைத்துப் போய்க் கடலைக் காட்ட முடியும்!

அந்த ஆலையின் பெயரில் இருந்த பவளம் கடலுக்குள் என்ன ஆயிற்று? தூத்துக்குடித் தீவுகளைச் சுற்றியிருந்த முருகைக் கல்லைக் கடப்பாரையால் பெயர்த்துப் படகு படகாகக் கொண்டு வந்தார்கள். சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் அது போயிற்று. பெயர்த்தவர்கள் நம்மைப் போன்ற அன்றாடங்காய்ச்சிகள். கல்லை வாங்கிப் பணம் பண்ணியவர்கள் வேறு. பவளப்பார் போனால் தீவுக்கு அலையைத் தாங்குகிற சுவர் போய்விடும். 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. வான் தீவு கரைந்து சுருங்கிவிட்டது; அதைக் காப்பாற்ற இப்போது கடலுக்குள் செயற்கைப் பார்களை இறக்கி வருகிறார்கள். 1986-ல் இந்தத் தீவுகளைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தும் கல் வெட்டுவது நிற்கவில்லை. 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பின், சில வருஷங்களில் அடங்கிற்று.

தடை நியாயமானதே. அதைப் பற்றி நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் தடையின் பாரம் யார் தலையில் விழுந்தது? ராமநாதபுரம் கடற்கரையில் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். கையில் துணியைச் சுற்றிக் கொண்டு பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கிறவர்கள். பூங்கா வந்த பின் இவர்கள் வன இலாகாவுக்குப் பயந்து தொழில் செய்ய வேண்டியதாயிற்று. அந்தப் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. கூடிப் பேசித் தாங்களே மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது, பாறையைப் பெயர்க்கக் கூடாது என்று கட்டுப்பாடு செய்து கொண்டார்கள். கடலைக் கெடுக்காமல் கடலில் பிழைக்க அவர்களுக்குத் தெரிகிறது. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் மேஜையில் உட்கார்ந்து கோடு போடுகிற உத்தியோகஸ்தருக்குத்தான் தெரிவதில்லை. சரணாலயம் வேண்டும், அங்கே பிழைக்கிறவனைத் துரத்துகிற சரணாலயம் வேண்டாம். வேடந்தாங்கல் குடியானவன் காட்டிய வழி இருக்கும்போது வேறு வழி எதற்கு?

வெள்ளம் வந்த மாதம்

இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. அதுவே பெரிய காரணம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நின்று, நூற்றுக்கணக்கான ஜனங்கள் தண்ணீருக்கு நடுவில் மாட்டிக் கொண்டார்கள். ஆற்றுக்கு இரு கரையிலும் குளங்கள் உடைந்தன. ஆழ்வார்திருநகரி, ஏரல் பக்கத்தில் வீடு போயிற்று, ஆடு மாடு போயிற்று, வாழை சாய்ந்தது. அவ்வளவு மழைக்கு எந்தக் குளமும் தாங்காது என்று சொல்லலாம். இருக்கட்டும். தூர் வாரிய குளமும், கரை பலப்படுத்திய குளமும், ஆக்கிரமிப்பில்லாத ஓடையும் இருந்திருந்தால் கொஞ்சமாவது குறைந்திருக்காதா?

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1870-களில் கட்டி முடித்தது. தாமிரவருணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி. அதில் வண்டல் சேர்ந்து சேர்ந்து மேடிட்டுக் கிடந்தது. வழக்குப் போட்டு, 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகுதான் தூர் வாரும் வேலை தொடங்கிற்று. தொடங்கியதும் மண்ணுக்குப் பின்னால் மணல் லாரிக்காரர்கள் வந்து சேர்ந்த கதை இந்தப் பகுதி விவசாயிகளுக்குத் தெரியும். இன்னொரு புறம், இதே அணையிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாள் ஒன்றுக்கு 20 மில்லியன் காலன் தண்ணீர் போகிற திட்டம். கடைமடை காய்கிறது என்று விவசாயிகள் போராடினார்கள். 2018-ல் தீர்ப்பாயம் அதற்கும் தடை சொல்ல வேண்டியதாயிற்று.

அணைக்கும் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் கழிக்கும் உள்ள உறவு தெரிந்த பிள்ளை வளர்ந்து பஞ்சாயத்துக் கூட்டத்தில் உட்கார்ந்தால், ‘இந்தக் குளம் பயன்படாத நிலம்’ என்று யாராவது காகிதம் நீட்டும்போது கேள்வி கேட்கும். தெரியாத பிள்ளை எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடும்.

1991-ல் சுப்ரீம் கோர்ட்டு, சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் பாடமாகச் சொல்லித் தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. பாடம் வந்தது. புத்தகத்தில் அலையாத்தியின் படம் இருக்கிறது, கேள்வி இருக்கிறது, இரண்டு மார்க் இருக்கிறது. புன்னைக்காயலுக்கு வேன்தான் இல்லை.

சீமையிலும் இந்தப் பிரச்னை இருந்தது என்று தெரிந்தால் தோழர்கள் ஆச்சரியப்படுவார்கள். துணி ஆலைகளுக்குப் பேர் போன மான்செஸ்டர் நகரத்துத் தொழிலாளர்கள் ஆறு நாளும் புகையைக் குடித்துவிட்டு, ஏழாம் நாள் பக்கத்து மலைக்குப் போய்க் காற்று வாங்க நினைத்தார்கள். மலை முழுவதும் பிரபுக்களின் வேட்டை நிலம். காவல்காரர்கள் தடியோடு நின்றார்கள். 1932 ஏப்ரல் 24-ந் தேதி நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள், பென்னி ராத்மன் என்ற இருபது வயதுக் கம்யூனிஸ்டு வாலிபன் முன்னே நடக்க, தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேட்டில் ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறை. ராத்மனுக்கு நாலு மாதம். 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-ல் அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா அந்த மலைகளிலேயே அமைந்தது. மலையைப் பார்க்கிற உரிமைக்கு ஜெயிலுக்குப் போன தொழிலாளி இருந்திருக்கிறான். நாம் என்னவோ நாரை பார்ப்பதைக் கனவான்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்!

இனி ஆக வேண்டியது பெரிய காரியமில்லை. சர்க்கார் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவனும் வருஷத்துக்கு ஒரு முறையாவது தன் வட்டாரத்துக் குளத்தையும் ஆற்றையும் கடலையும் பார்க்க வேண்டும். பணம் பிள்ளையிடம் வசூலிக்கக் கூடாது. சர்க்கார் பஸ்கள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றில் ஒன்றைப் பள்ளிக்குக் கொடுத்தால் டிப்போ மூழ்கிவிடாது. அழைத்துப் போகும்போது ஆசிரியர் மட்டும் பேசாமல், நீர்பாய்ச்சியையும் சங்கு குளிக்கிறவரையும் உப்பளத்துத் தொழிலாளியையும் கூப்பிட்டுப் பேசச் சொல்ல வேண்டும். அன்றைய கூலியை அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். தீவுகளில் இறங்க அனுமதி கிடையாது என்பது சரியே. கரையிலிருந்து காட்டினால் போதும். குப்பை போடாமல் திரும்ப வேண்டும் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கழிமுகத்தில் நாம் பார்த்த பிளாஸ்டிக் பைகளை எண்ணினால் எழுதாமலும் இருக்க முடியவில்லை.

உப்பளத்துக்கு அந்த முறை போக முடியவில்லை, பொழுது சாய்ந்துவிட்டது. தூத்துக்குடி உப்பளப் பாத்திகளில் பூநாரைக் கூட்டம் வந்து இறங்கும். உப்புத் தண்ணீரில் பிறக்கிற சிறு பூச்சியையும் பாசியையும் தின்பதால்தான் அதன் இறகு செந்நிறம் பெறுகிறது. அதே பாத்தியில் கண் கூசக் கூச, கால் வெடிக்க வெடிக்க உப்பு வாருகிறவர்களின் பிள்ளைகளும், இந்தப் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கட்டும் என்று ஆசிரியர் திட்டம் போட்டிருக்கிறார்.

அன்று கேள்வி கேட்ட தோழர் தம் மகளை அனுப்பித்தான் வைத்தார். திரும்பி வந்த ராத்திரி அவள் தூங்க விடவில்லையாம். வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டுகிற கதையை இரண்டு தடவை சொன்னாளாம். “அவ்வளவு தூரத்திலேருந்து வந்து நம்ம சகதியிலயா அண்ணாச்சி எறங்குது?” என்று நம்மிடம் கேட்டார். அடுத்த தடவை வேன் போகும்போது தாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நடவு இல்லாத நாளாகப் பார்த்து வைக்கச் சொன்னார். வேன் வாடகையில் ஆசிரியர் தம் கையிலிருந்து போட்டது போக, சங்கக் கிளை தருவதாக ஒப்புக் கொண்ட பாக்கி இன்னும் நிற்கிறது. கிளைச் செயலாளர் கவனிப்பாராக.